உப்புப் பார்த்தவள்

மழை நாட்களில் எங்கள் சமையல் கூடத்தில் முதலில் அழுவது உப்புச் சாடிதான். கண்டியின் ஈரக்காற்றில் உப்பு கசிந்து சாடியின் அடியில் தண்ணீராய்த் தேங்கிவிடும். பரீட்சை நாளன்று காலையிலும் அப்படித்தான் இருந்தது. தண்ணீரை வடித்துவிட்டு, விளிம்பைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு மேசையிலும் சிறு கிண்ணத்தில் உப்பு வைத்தேன். போத்தலுக்குள் தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அதை அடுப்பங்கரையில் சாய்த்து வைத்தேன்.

அது முன்னொரு காலத்தில் கோப்பி மூட்டைகள் அடுக்கிய களஞ்சியம். தகரக் கூரை. கோப்பித் தோட்டங்கள் அழிந்து எத்தனையோ காலமாகியும், மழை பெய்தால் சுவரிலிருந்து ஒரு பழைய மணம் கிளம்பும். அந்த மணத்துக்கு நடுவே மாணவிகள் வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

ஓரத்து மேசையில் ஹபீபா. அக்குறணைக்காரி. உதடு காய்ந்து வெளுத்திருந்தது. நோன்பு மாதம் பாதி கடந்திருந்தது. அன்றைய பரீட்சையில் எனக்குப் பயம் அவளைப் பற்றித்தான். காரணத்தைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ரசத்தில் பேராசிரியை

சென்னையில் படித்து முடித்துக் கண்டிப் பயிற்சிப் பாடசாலைக்கு வேலைக்கு வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், "அந்தக் காலத்தில் ஒரு பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பியது சமையல் படிக்கத்தானா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் ஐயா. இதே கேள்வியை என் அண்ணாவும் கேட்டார்.

"வீட்டிலை அம்மா சும்மா சொல்லித் தாறதைப் படிக்க இந்தியாவுக்குப் போகோணுமோ?"

பின்னாளில் என் பெயருக்கு முன்னால் பேராசிரியை என்று ஒட்டிக்கொண்ட பிறகும் அவர் விட்டபாடில்லை. விருந்தாளி யார் வந்தாலும், "இவ என்ரை தங்கச்சி. ரசத்திலை பேராசிரியை" என்றுதான் அறிமுகம் செய்வார். இன்று மனையியல் கல்வி என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அன்று எங்களைப் பார்த்தால் ஊரே குசினிப் பள்ளிக்கூடம் என்று சிரித்தது.

அம்மா சமைக்கும்போது நாக்கில் எதையும் வைக்க மாட்டார். சுவாமிக்குப் படைக்க முன் சுவைத்தால் எச்சில். குழம்பு கொதிக்கும் மணத்திலேயே உப்பைக் கண்டுபிடித்துவிடுவார் என்று அயலில் அவருக்குப் பெரிய புகழ். புகழ் என்னவோ உண்மைதான். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது குழம்பு கரித்துப் போகும், அப்பா ஒரு குறையும் சொல்லாமல் மோர் மட்டும் கேட்பார்.

சென்னையில் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடமே சுவை பார்ப்பது. ஒரு கரண்டியால் சட்டியிலிருந்து எடு. அதை இன்னொரு கரண்டியில் ஊற்று. இரண்டாவதை மட்டும் வாயில் வை. அது திரும்பச் சட்டிக்குள் போகக் கூடாது. முதல் நாள் அந்தக் கரண்டியை வாயில் வைத்தபோது, பின்னால் அம்மா நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

பழகிவிட்டது. பழகிய பிறகு அந்த விதியில் எனக்குப் பிடிவாதமான நம்பிக்கையும் வந்துவிட்டது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வாய் கிழியச் சொல்லிவிட்டு, உப்பைப் பார்க்காமல் சட்டியை இறக்குவது எந்த ஊர் நியாயம்? என் மாணவிகளில் யாராவது சுவை பார்க்க மறந்தால் நான் ஏசாமல் விட்டதில்லை.

மூன்று அடுப்பு

கண்டியில் எனக்குக் கிடைத்த கூடத்தில் மூன்று அடுப்புகள். ஒன்று சைவம், ஒன்று மீன், ஒன்று இறைச்சி. மூன்றுக்கும் வேறு வேறு சட்டி, அகப்பை, தண்ணீர்க் குடம். இவற்றைத் துலக்கி விறகு சேர்க்கப் பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ராக்காயி இருந்தாள். வாய்க்குப் பூட்டில்லாதவள்.

"என்னங்கம்மா, இங்க மூணு வீட்டுக் கலியாணமா நடக்குது? மழையில நான் வெறகுக்கு எங்க போவேன்?"

ஒரு அடுப்பில் வெந்ததை மற்ற அடுப்புக்காரர் தொடாத கூடம் அது.

அதில் சிவகாமி பெரிய கெட்டிக்காரி. பேராதனைச் சந்தி ரயில் நிலையத்தில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரரின் மகள். தையல், கணக்கு, சமையல் எல்லாவற்றிலும் முதலாவதாக வருவாள். முதல் வகுப்பில் தேறுவாள் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சுத்த சைவம். ஹபீபாவும் அவளும் இரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. ஊசி நூல் மாற்றிக்கொள்வார்கள், ஒரே குடைக்குள் மழையில் இறங்கிப் போவார்கள். ஆனால் ஹபீபாவின் குடத்திலிருந்து ஒரு மிடறு தண்ணீர் சிவகாமி குடித்ததில்லை.

ஹபீபாவுக்கு அதில் மனத்தாங்கல் இருந்ததாகத் தெரியவில்லை. "அவங்கட சட்டி அவங்களுக்கு, எங்கட சட்டி எங்களுக்கு. இதுல என்ன டீச்சர் கோவம்?" என்பாள். எனக்குத்தான் கோபம் வரும். ஒரு நாள் எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, ஹபீபா வைத்த மரக்கறி சூப்பைச் சிவகாமிக்கு முன்னால் வைத்தேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது இறைச்சி காய்ச்சின சட்டி ரீச்சர். நீங்களும்தான் இறைச்சி சூப்பை வாயிலை வைக்கிறேல்லை."

சரியாகத்தான் சொன்னாள். நானும் சைவம். இறைச்சிப் பாடத்தில் நிறத்தையும் பதத்தையும் பார்ப்பேன், உப்பை வேறு மாணவியிடம் கேட்பேன். சென்னையிலேயே சைவக்காரருக்கு அந்தச் சலுகை இருந்தது. அதன் பிறகு நான் அந்த மேசை விளையாட்டை விட்டுவிட்டேன்.

வாப்பா கொண்டுவந்த தீர்வு

அந்த வருடம் இறுதிச் செயல்முறைப் பரீட்சை நோன்பு மாதத்தில் வந்து விழுந்தது. பரீட்சை எடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மையார் வருவார். பரீட்சை விதி கறாரானது. சுவை பார்க்காமல் பரிமாறினால் செயல்முறையில் தோல்வி. செயல்முறையில் தோற்றால் சான்றிதழ் இல்லை, அடுத்த வருடம்தான் மறுபடி எழுதலாம்.

தலைமை ஆசிரியையிடம் போய் நின்றேன். சைவக்காரருக்குச் சலுகை இருக்கிறதே, நோன்புக்காரருக்கும் ஒன்று கேட்டு வாங்கலாமே என்றேன். அவர் நல்ல மனுஷி, ஆனால் விதியைத் தாண்டாதவர். சைவம் விதியில் இருக்கிறது, நோன்பு விதியில் இல்லை என்று சொல்லிவிட்டார். விதியை எழுதியவர்களுக்கு முன்னால் அதுவரை ஒரு முஸ்லிம் பெண்ணும் அகப்பையோடு வந்து நின்றதில்லை. ஹபீபாதான் முதல் ஆள்.

நோன்பை அன்று ஒரு நாள் விட்டுப் பிறகு பிடிக்க முடியாதா என்று ஹபீபாவிடமே கேட்டேன்.

"சொகமில்லாட்டி உடலாம் டீச்சர். பரீட்சைக்கு உடேலா."

இரண்டு நாள் கழித்து அவளுடைய வாப்பா வந்தார். அக்குறணையில் பிடவைக்கடை வைத்திருப்பவர். மடித்த குடையிலிருந்து தண்ணீர் சொட்ட விறாந்தையில் நின்றார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. முகத்தில் ஒரு வெளிச்சம்.

"டீச்சர், பள்ளிவாசல் லெப்பைக்கிட்டக் கேட்டுட்டு வாறன். நாக்கு நுனியில வெச்சுப் பாக்கேலுமாம். முழுங்கத்தான் படாதாம். துப்பிட்டா நோம்புக்கு ஒண்டும் இல்லையாம்."

அவருக்கு வந்த வெளிச்சம் எனக்குப் போய்விட்டது.

"சமையல் கூடத்துக்கை துப்பினால் சுத்தத்துக்குரிய மார்க் முழுக்கப் போயிடும், முதலாளி."

"வெளிய போய்த் துப்பினா?"

"அடுப்பிலை சட்டியை விட்டிட்டுப் போனால் அதுக்கும் வெட்டுவினம்."

"லேஞ்சில?" என்று கைக்குட்டையை உருவிக் காட்டினார்.

"லேஞ்சியோடை சட்டிக்குக் கிட்டப் போகவே விடமாட்டினம்."

அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அல்லாஹ் உட்டாலும் கொழும்பு நோனா உட மாட்டா போலீக்கி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், வீட்டுல எல்லாரும் என்னோட சண்ட. பொம்புளப் புள்ளய டீச்சராக்கப் போறியா எண்டு. ஒரு தரம் எழுதட்டும், பாஸாகாட்டிக் கலியாணம் எண்டு சொல்லித்தான் அவங்கட வாய அடைச்சீக்கன். ரெண்டாந் தரம் எனக்குக் கேக்கேலா. அவக்கு இது ஒண்டுதான்."

அவர் மழையில் இறங்கிப் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் நம்புகிற விதி ஒரு பக்கம், என் மாணவி மறுபக்கம். எது பெரியது என்று மனதுக்குள் எடை போட வேண்டிய தேவை இருக்கவில்லை, மாணவிதான். ஆனால் என் கையில் இருந்தது வாய் ஒன்றுதான். பரீட்சை நாளில் அந்த அம்மையாரோடு பேசிப் பார்ப்பேன், மனம் இரங்காவிட்டால் கடவுள் விட்ட வழி என்று ஹபீபாவிடம் சொன்னேன். பேசிய இடத்தில் சிவகாமியும் இருந்தாள். பித்தான் துளை தைத்துக்கொண்டு, தலை நிமிராமல் இருந்தாள்.

இஞ்சை தா

கொழும்பு அம்மையார் சொன்ன நாளில் வந்து சேர்ந்தார். இறப்பர் அடிச் சப்பாத்து போட்டிருந்ததால் அவர் பின்னால் வந்து நிற்பது யாருக்கும் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பது மட்டும்தான் என் வேலை, தொடங்கிய பிறகு மாணவிகளுக்கு வாய் திறந்து எதுவும் சொல்லக் கூடாது.

தொடங்க முன் நோன்பு விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேலி செய்யவில்லை. ஆனால் ஒரு நோயாளிக்குக் கொடுக்கிற உணவு முதன்முதலாக அந்த நோயாளியின் நாக்கில்தான் படவேண்டுமா என்று திருப்பிக் கேட்டார். இதே கேள்வியை நானே வகுப்பில் எத்தனை தடவை கேட்டிருப்பேன். விதியை எல்லாருக்கும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

"ஒருத்தரும் சுவை பாக்காத சாப்பாட்டைப் பரிமாறக் கூடாதாம், பிள்ளையள்" என்றேன். ஹபீபா தலையாட்டினாள்.

சீட்டுக் குலுக்கினார்கள். ஹபீபாவுக்கு வந்தது காய்ச்சலிலிருந்து எழுந்தவருக்குத் தேங்காய்ப்பால் கஞ்சி. சிவகாமிக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி.

மதியத்துக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் கரண்டிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அரிசி குழைந்து, இஞ்சியும் உள்ளிப்பூண்டும் வெந்து, பால் விட்டதும் ஹபீபாவின் கஞ்சி கூடம் முழுக்க மணத்தது. நோன்பில்லாத எனக்கே வாய் ஊறியது. அவள் உப்புக் கிண்ணத்தில் இரண்டு விரலை விட்டு எடுத்துப் போட்டு, கலக்கி, நின்றாள். இறக்குகிற நேரம்.

விதிப்படி ஒரு கரண்டியால் எடுத்து இன்னொரு கரண்டியில் ஊற்றினாள். ஊற்றியதைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். நான் என் சேலைக் கரையைப் பார்த்தேன். அம்மையார் பென்சிலோடு அவளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். கரண்டியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டே இருந்தது.

பக்கத்து மேசையில் சிவகாமி ஏப்ரனில் கையைத் துடைத்தாள். தன் கறியை அடுப்பில் விட்டுவிட்டு இரண்டடி நடந்து வந்தாள்.

"இஞ்சை தா" என்றாள்.

ஹபீபாவுக்கு விளங்கவில்லை. கரண்டியை இன்னும் இறுகப் பிடித்தாள். சிவகாமியே அதை வாங்கினாள். அந்தச் சட்டி எது என்று எனக்குத் தெரியும். போன கிழமை அதில்தான் மாட்டெலும்பு சூப் காய்ச்சியிருந்தார்கள். சிவகாமிக்கும் தெரியும், பக்கத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவள் அவள். ஊதி ஆற்றினாள். வாயில் வைத்தாள். விழுங்கினாள்.

"உப்புக் காணாது" என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று அம்மையார் கேட்டார். கஞ்சியில் உப்புக் குறைவாம் என்று சொன்னேன். அவர் தன் கரண்டியை எடுத்து, தானும் ஒரு வாய் பார்த்தார். குறைவுதான். வீட்டில் பெரிய சட்டியில் அள்ளிப் போட்டுப் பழகிய கை, சின்னச் சட்டியைக் கண்டு பயந்துவிட்டது. போதாததற்குக் கசிந்த உப்பில் கரிப்பும் குறைவு. அம்மையார் ஹபீபாவைப் பார்த்துக் கிண்ணத்தைக் காட்டினார். அவள் இன்னொரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். சிவகாமி கேட்காமலே மறுபடி கையை நீட்டினாள்.

"இப்ப சரி."

அம்மையாரின் பென்சில் தாளில் ஒரு அடையாளம் போட்டது. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

அப்போதுதான் தீய்ந்த மணம் வந்தது.

சிவகாமி திரும்பி ஓடினாள். பால்கறி திரைந்து அடிப்பிடித்திருந்தது. கருகாத பக்கத்தை அள்ளிக் கோப்பையில் போட்டாள். நேரம் முடிந்த மணி அடித்தது. அவள் கோப்பையை மேசையில் வைத்தபோது அம்மையார் எல்லா மாணவியிடமும் கேட்ட கேள்வியை அவளிடமும் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"சுவை பாத்தனீரோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் புகையில் அவள் என்ன செய்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

"இல்லை ரீச்சர். மறந்து போனன்."

பக்கத்தில் நிற்பவர்

ஹபீபா தேறினாள். சிவகாமி தேறவில்லை.

நான் சண்டை போட்டேன். வாசகர்கள் நினைக்கிற மாதிரி நயமாக அல்ல. அம்மையார் கதவு வரை போன பிறகும் பின்னால் போய்ப் பேசினேன். மற்றவளுடைய கஞ்சியை ஒருவர் சுவைத்திருந்தார், இவளுடைய கறியை ஒருவரும் சுவைக்கவில்லை, நான் என்ன செய்ய என்றார். அவர் கணக்கு சரிதான். அந்தச் சரி எனக்கு அன்றைக்கு ஆத்திரமாக வந்தது. இன்றைக்கும் வருகிறது.

சிவகாமியின் அப்பா நெடுநாள் என்னோடு பேசவில்லை. பேராதனைச் சந்தியில் நான் ரயில் மாற இறங்கினால், பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டு மற்றப் பக்கம் பார்ப்பார். சிவகாமி அடுத்த வருடம் மறுபடி எழுதி முதல் வகுப்பில் தேறினாள். ஹபீபா அதற்குள் ஊரில் பெண் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தொடங்கிவிட்டாள். அவளுடைய வாப்பா பெருநாளைக்கு எங்கள் கூடத்துக்கு ஏப்ரன் துணி ஒரு கட்டு அனுப்பினார்.

பல காலம் கழித்து, பாடத்திட்டம் எழுதுகிற குழுவில் எனக்கும் ஒரு கதிரை கிடைத்தது. செயல்முறை விதிகளில் ஒன்றை நானே எழுதினேன். உணவைப் பரிமாறுமுன் சமைத்தவரோ, பக்கத்தில் நிற்பவரோ அதைச் சுவைத்திருக்க வேண்டும். குழுவில் இருந்த ஒரு கனவான் மூக்குக் கண்ணாடியை இறக்கி, "பக்கத்தில் நிற்பவர் எதற்கு?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்" என்றேன். இருந்தது.

கருகிய கறி

பரீட்சையன்று மாலை மழை விட்டிருந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். வாப்பா வரும்வரை ஹபீபா கூடத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு பேரீச்சம்பழமும் அவளுடைய பரீட்சைக் கஞ்சியும். ராக்காயி உள்ளே கருகிய சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "இதத் தேய்க்கவே எனக்கு ஒரு கூலி தரணும்" என்று முணுமுணுத்தாள்.

பட்டணத்துப் பக்கமிருந்து பாங்குச் சத்தம் கேட்டது. ஹபீபா பழத்தைக் கடித்தாள். சிவகாமி தன் கோப்பையோடு வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுத முகம்தான், ஆனால் கழுவியிருந்தாள்.

"அடிப்பிடிச்சது. தின்னுவியோ?"

ஹபீபா கத்தரிக்காய்த் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள்.

"உப்பே இல்ல, சிவகாமி."

"தெரியும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஹபீபாவுக்குச் சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. நான் கதவுக்குப் பின்னால் மூக்கைச் சிந்திக்கொண்டேன். பரீட்சை முடிந்துவிட்டது. இனி யாரும் யாருக்காகவும் சுவை பார்க்க வேண்டியதில்லை.

சிவகாமி கருகிய கறியைத் தள்ளி வைத்துவிட்டுச் ஹபீபாவின் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கஞ்சி இன்னும் கிடக்கோ? எனக்குப் பசிக்குது."